புதுப்பிக்கக் கொடுத்த பணம் எங்கே நிற்கிறது?

இன்று ஒரு கடைக்கு இரண்டு பெயர்ப்பலகைகள் இருக்கின்றன. ஒன்று வாசலுக்கு மேலே தொங்குகிறது. மற்றது இணையத்தில் இருக்கிறது. வாசல் பலகைக்கு ஒருமுறை பணம் கொடுத்தால் துருப்பிடித்து விழும் வரை அது எமக்குத்தான். இணையப் பெயர் அப்படியல்ல. டொட் கொம் பெயரை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை. வருடக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். ஒரே தடவையில் ஆகக்கூடியது 10 வருடங்களுக்கு எடுக்கலாம். தவணை முடிந்தும் புதுப்பிக்காவிட்டால் அந்தப் பெயர் கைமாறிப் போகும்.

பெயரைப் புதுப்பிக்க வேண்டும் என்பது இப்போது அநேகமாக எல்லா வர்த்தகர்களுக்கும் தெரியும். ஆனால் புதுப்பிப்பதற்காகக் கொடுத்த பணம் எங்கே போய் நிற்கிறது என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? இந்த வாரம் அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

அமிர்தகழியில் ஒரு சிறிய அறையில் இருந்துகொண்டு முந்நூறுக்கும் சற்றுக் கூடுதலான இணையப் பெயர்களைப் பிறருக்காகப் பராமரித்து வருகிறேன். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, மட்டக்களப்பு நகரம் என்று பல இடத்துக் கடைகளும் பாடசாலைகளும் சங்கங்களும் அதில் அடக்கம். இத்தனை வருட அனுபவத்தில் நான் கண்டது ஒன்றுதான். பணம் இல்லாததால் பெயரை இழந்தவர்கள் மிகச் சிலர். இழந்தவர்களில் பெரும்பாலோர் பணத்தைக் கொடுத்திருந்தார்கள். அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

நான்கு கை மாறும் பணம்

இந்தப் பணம் செல்லும் வழியை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். டொட் கொம் பெயர்கள் அனைத்துக்கும் மூல ஏட்டை வைத்திருப்பது வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். இதனைப் பதிவகம் என்போம். பதிவகம் எம்மிடம் நேரடியாக விற்பதில்லை. ஐகான் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பதிவாளர் நிறுவனங்கள் ஊடாகவே விற்கிறது. அந்த நிறுவனங்களின் கீழே என்னைப் போன்ற மறுவிற்பனையாளர்களும் வெப்சைட் செய்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். கடைசியில் கடைக்காரர் நிற்கிறார்.

கடைக்காரர் எனக்கு முற்பணம் தருகிறார். நான் பதிவாளர் நிறுவனத்தின் கணக்கில் முற்பணம் போட்டு வைக்கிறேன். பதிவாளர் நிறுவனமும் பதிவகத்திடம் முற்பணமோ பிணையோ வைத்திருக்க வேண்டும். கைத்தொலைபேசிக்கு ரீலோட் போடுவது போன்ற முறைதான் இது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. தொலைபேசியில் மீதி முடிந்தால் அடுத்த அழைப்பிலேயே தெரிந்துவிடும். இங்கே இடையில் ஒருவருடைய கணக்கில் மீதி முடிந்தால், பெயர் காலாவதியாகி இணையத்தளம் நின்ற பிறகுதான் கடைக்காரருக்குத் தெரிய வரும். அதுவரை அவர் கையில் ஒரு பற்றுச்சீட்டு இருக்கும். அந்தப் பற்றுச்சீட்டைப் பதிவகம் அறியாது. அதற்குத் தெரிந்தது தன் ஏட்டில் உள்ள திகதி மட்டுமே.

ரெஜிஸ்டர்ஃப்ளையும் நெட்4 இந்தியாவும்

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ரெஜிஸ்டர்ஃப்ளை என்றொரு பதிவாளர் நிறுவனம் இருந்தது. மலிவு விலையில் இலட்சக்கணக்கான பெயர்களைச் சேர்த்த கம்பனி அது. உரிமையாளர்களுக்கிடையே பிணக்கு ஏற்பட்டது. புதுப்பிக்கப் பணம் கட்டியும் பெயர் காலாவதியாகிவிட்டது என்ற முறைப்பாடுகள் குவிந்தன. 2007 மார்ச்சில் ஐகான் அதன் அங்கீகாரத்தை இரத்துச் செய்வதாக அறிவித்தது. அந்த வருடமே அதன் பெயர்கள் கோ டாடி நிறுவனத்துக்கு மாற்றப்பட்டன. பதிவாளர் நிறுவனங்கள் தமது வாடிக்கையாளர் விபரங்களின் பிரதியை மூன்றாம் தரப்பிடம் ஒப்படைத்து வைக்கும் ஏற்பாடு அதன் பின்னரே முறையாக நடைமுறைக்கு வந்தது.

அண்டை நாட்டில் நடந்தது இன்னும் அண்மைக் காலத்துச் செய்தி. நெட்4 இந்தியா என்ற கம்பனி இந்தியாவின் சிறு, நடுத்தர வர்த்தகர்கள் பலருக்கு இணையப் பெயர்களை விற்றது. 2019இல் அது தேசிய கம்பனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் முன் வங்குரோத்து நடவடிக்கைக்கு உள்ளானது. பின்னர் பணம் கட்டியவர்களுக்கும் பெயர் புதுப்பிக்கப்படவில்லை. வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றால் அதற்குரிய இரகசியக் குறியீட்டைப் பெறுவதற்கும் வழியில்லை. தொலைபேசியில் பதிலில்லை, மின்னஞ்சலுக்கும் பதிலில்லை. ஆயிரக்கணக்கான முறைப்பாடுகள் ஐகானுக்குச் சென்றன. 2021 பெப்ரவரியில் ஐகான் அதன் அங்கீகாரத்தை முடிவுறுத்துவதாக அறிவித்தது. அந்த வருடமே பெயர்கள் வேறொரு பதிவாளர் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

இவ்விரு சம்பவங்களிலும் பெயர்களைக் காப்பாற்ற ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. ஆனால் பெயர்கள் இன்னொரு நிறுவனத்துக்கு மாறுவதால், பழைய கம்பனியிடம் ஒருவர் வைத்திருந்த முற்பண மீதியும் கூடவே வந்துவிடாது. பெயர் பதிவக ஏட்டில் இருக்கும் சொத்து. மீதியோ ஒரு கம்பனி எமக்குத் தர வேண்டிய கடன். கம்பனி வீழ்ந்தால் மற்றக் கடன்காரர்களோடு நாமும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். எனவேதான் பதிவாளர் கணக்கில் அளவுக்கு மீறிப் பணம் போடுவது புத்திசாலித்தனம் அல்ல என்கிறேன். பெரிய தொகை வைத்தால் ஒரு பெயருக்கு இத்தனை சதம் குறையும் என்று ஆசை காட்டுவார்கள். ஒரு வருடத்தில் மிச்சமாகும் தொகையையும், ஆபத்தில் நிற்கும் முழுத் தொகையையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் ஆசை தீர்ந்துவிடும்.

2022 கற்றுத் தந்த கணக்கு

எமது நாட்டுக்கே உரிய இன்னொரு ஆபத்து இருக்கிறது. வாடிக்கையாளரிடம் வாங்குவது ரூபாவில். டொட் கொம்முக்குக் கட்டுவது டொலரில்.

மறுவிற்பனையாளர் ஒருவர் 2021இல் நூறு பெயர்களுக்கு மூன்று வருடப் பணத்தை ஒரேயடியாகச் சேகரித்தார் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக ஒரு பெயருக்கு வருடம் 12 டொலர், ஒரு டொலர் 200 ரூபா என்போம். ஒரு வருடத்துக்கு 2,40,000 ரூபா; மூன்று வருடத்துக்கு 7,20,000 ரூபா. அவர் பதிவகத்தில் ஒரு வருடத்துக்கு மட்டும் கட்டிவிட்டு மிகுதியைக் கையில் வைத்துக்கொண்டார். "அடுத்த வருடம் வரும்போது கட்டலாம்" என்பது அவர் எண்ணம்.

2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவின் பெறுமதியை நெகிழவிட்டது. மே மாதமளவில் டொலர் 360 ரூபாவை அண்டியது. அதே நூறு பெயர்களுக்கு இப்போது 4,32,000 ரூபா தேவை. அவர் ஒதுக்கி வைத்த 2,40,000 ரூபா அப்படியே இருந்தாலும் 1,92,000 ரூபா துண்டு விழுகிறது. அந்தப் பணத்தில் கடை வாடகையைக் கட்டியிருந்தால் அவருடைய நிலை என்ன? மூன்று வருடத்துக்கும் பற்றுச்சீட்டு வைத்திருக்கும் கடைக்காரரிடம் போய் மேலும் கேட்க முடியுமா? கேட்பதுதான் நியாயமா?

வாங்கிய அன்றே மூன்று வருடத்தையும் பதிவகத்தில் பதிந்திருந்தால் ரூபாவின் வீழ்ச்சி அந்தப் பெயர்களைத் தொட்டிருக்காது. மூல விலை கூடியதும் தொட்டிருக்காது. டொட் கொம்முக்கு வெரிசைன் பதிவாளர் நிறுவனங்களிடம் அறவிடும் தொகை 2012 முதல் 7.85 டொலராக நின்றது. 2021இல் 8.39, 2022இல் 8.97, 2023இல் 9.59, 2024 செப்டம்பரில் 10.26 என்று படிப்படியாக ஏறியது. நான்கே தடவையில் 30 சதவீதத்துக்கும் மேற்பட்ட உயர்வு. முன்கூட்டியே பதிந்த வருடங்களுக்குப் பழைய விலைதான்.

அதேவேளை முற்பண முறையையே குறை சொல்வதும் சரியல்ல. 2022இல் ஒரு வங்கி எனது அட்டையின் வெளிநாட்டுக் கொடுப்பனவு எல்லையைத் திடீரெனக் குறைத்துவிட்டது. அந்த மாதங்களில் என் பொறுப்பில் இருந்த பெயர்களைக் காத்தது பதிவாளர் கணக்கில் ஏற்கனவே டொலராக இருந்த மீதிதான். ஆகவே மீதி இருக்க வேண்டும், அளவோடு இருக்க வேண்டும். அடுத்த மூன்று மாதங்களில் காலாவதியாகும் பெயர்களுக்குப் போதுமான தொகை என்பதே நான் கடைப்பிடிக்கும் அளவு.

எல்லாப் பெயரும் ஒன்றல்ல

ஏராளமான பெயர்களைப் பராமரிப்பவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. முந்நூறு பெயர் என்றால் மாதத்துக்குச் சராசரி இருபத்தைந்து. ஆனால் பெயர்கள் சராசரிக்குக் கட்டுப்பட்டு வருவதில்லை. புதுக் கடை, புது இணையத்தளம் எல்லாம் பெருநாளுக்கு முன்னும் வருடப் பிறப்பிலும் திறக்கப்படுவதால் ஒரு மாதத்தில் அறுபது வரலாம், இன்னொரு மாதத்தில் எட்டு வரலாம். நோன்பு மாதத்தில் வாங்கியதாக நினைவு வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். நோன்பு வருடந்தோறும் சுமார் பதினொரு நாள் முன்னே வந்துவிடும். பதிவகத்தின் திகதியோ அசையாது. அவர் நோன்பில் வந்து கேட்பார், "இன்னும் நாள் இருக்கிறது" என்று சொல்வோம், திரும்பிப் போனவர் பிறகு மறந்துவிடுவார்.

தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. முற்பணக் கணக்கில் அந்த வசதி மீதி உள்ளவரைக்கும்தான் வேலை செய்யும். ஒரு கிழமையில் இருபது பெயர்களுக்கு நாள் வருகிறது, மீதி பன்னிரண்டுக்குத்தான் போதும் என்றால் கணினி முக்கியமானதைத் தேடிப் பொறுக்காது. முன்னால் நிற்பதைப் புதுப்பித்துக்கொண்டே போகும். எப்போதோ ஒரு விளம்பரத்துக்காக எடுத்து மறந்துபோன பெயர் புதுப்பிக்கப்படும்; தினமும் ஓடர் வரும் கடையின் பெயர் பின்னால் நின்று தவறிவிடும்.

புது வகைப் பெயர்கள் இதனை இன்னும் கூட்டுகின்றன. டொட் ஷொப் போன்றவை முதல் வருடத்துக்கு ஒன்றிரண்டு டொலருக்குக் கிடைக்கும். இரண்டாம் வருடம் டொட் கொம்மை விடப் பல மடங்கு கேட்கும். மலிவென்று பத்துப் பெயர்களை அள்ளிப் போட்டவர்கள் அடுத்த வருடம் முற்பணக் கணக்கு ஒரே இரவில் காலியாகியிருப்பதைக் காண்பார்கள். வாங்கும் விலையைப் பார்க்க வேண்டாம், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள் என்று என்னிடம் வருபவர்களுக்குச் சொல்வேன்.

திகதி தவறினால்

டொட் கொம் போன்ற பெயர்கள் திகதி முடிந்த உடனேயே பறிபோய்விடுவதில்லை. முதலில் 45 நாள் வரை பதிவாளர் நிறுவனத்தின் கையில் இருக்கும். அந்த நாட்களில் அது எமக்குப் புதுப்பித்துத் தரலாம், சில நிறுவனங்கள் ஏலத்திலும் விடும். நிறுவனம் பெயரை நீக்கிவிட்டால் அடுத்த 30 நாள் மீட்புக் காலம். அப்போது மீட்கப் பல மடங்கு கட்டணம். அதன் பின் 5 நாளில் பெயர் பொதுவெளிக்கு வரும். அந்த நொடிக்காகவே காத்திருக்கும் கணினிகள் உலகெங்கும் இருக்கின்றன.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. திகதி முடிந்ததும் பதிவகம் தன் ஏட்டில் தானாகவே ஒரு வருடத்தைக் கூட்டி எழுதிவிடும். 45 நாளுக்குள் பதிவாளர் நிறுவனம் நீக்கினால் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். இந்த இடைவெளியில் ஏட்டைப் பார்ப்பவருக்கு அடுத்த வருடத் திகதி தெரியும். "புதுப்பித்தாயிற்றே" என்று நம்பி இருந்துவிடுவார். ஆகவே பதிவகத்தின் திகதியுடன் பதிவாளர் நிறுவனம் காட்டும் திகதியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஐகானின் தேடல் பக்கத்தில் பெயரை அடித்தால் இந்த விபரங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

2013 முதல் நடைமுறையில் உள்ள ஐகான் விதியின்படி, காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்னரும் ஒரு வாரத்துக்கு முன்னரும், காலாவதியாகி ஐந்து நாளுக்குள்ளும் பதிவாளர் நிறுவனம் உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும். ஆனால் எந்த முகவரிக்கு? கடையின் பெயரிலேயே உள்ள மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால், பெயர் நின்ற அன்றே அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும். வெப்சைட் செய்தவரின் முகவரியைக் கொடுத்திருந்தால் அறிவித்தல் அவருக்குத்தான் போகும். கிழக்கில் ஒரு பழைய மாணவர் சங்கத்துக்கு நடந்தது இதுதான். பெயரைப் பதிந்த இளைஞர் கட்டாருக்குப் போய்விட்டார். பழைய மின்னஞ்சலை அவர் திறப்பதில்லை. சங்கமோ வருடா வருடம் அவரது வீட்டில் பணத்தைக் கொடுத்து வந்தது. இன்று அந்தப் பெயரை அடித்தால் வருவது சூதாட்ட விளம்பரம். நம்பிக்கையான நிறுவனங்களின் பழைய பெயர்களை இப்படியான காரியங்களுக்காகவே தேடி வாங்குகிறார்கள். பாடசாலையின் பெயரில், பள்ளிவாசலின் பெயரில் சூதாட்டம் ஓடினால் அந்த வெட்கத்துக்கு எவ்வளவு விலை போடுவது?

பெரிய நிறுவனமும் தப்பவில்லை. 1999 டிசம்பர் 24இல் மைக்ரோசொஃப்ட் தனது பாஸ்போர்ட் டொட் கொம் பெயரைப் புதுப்பிக்கத் தவறியது. ஹொட்மெயில் பாவனையாளர்கள் உள்நுழைய முடியாமல் தவித்தார்கள். மைக்கேல் சேனி என்ற மென்பொருளாளர்தான் தன் அட்டையில் 35 டொலர் கட்டிப் பெயரைக் காப்பாற்றினார். மைக்ரோசொஃப்டிடம் பணம் இல்லாமலா தவறியது?

எதிர்வாதம்

சக தொழில் செய்பவர்கள் என்னிடம் இரண்டு காரணங்களைச் சொல்வதுண்டு. முதலாவது, "பல வருடப் பணத்தை உடனே கட்டிவிட்டால் எமக்குக் கைமுதல் ஏது?" என்பது. நியாயமான கவலைதான். கைமுதல் வேண்டுமென்றால் பராமரிப்புக் கூலியை வெளிப்படையாகப் போட்டு வாங்குங்கள். அது உங்கள் உழைப்பு, உங்கள் வருமானம். பெயருக்கான கட்டணம் வேறு. ஊரில் சீட்டுப் பிடிப்பவர் சேர்ந்த பணத்தில் தன் கடைக்குச் சாமான் போட்டால் அவரை நாம் என்ன சொல்கிறோம்? அதே வார்த்தை இங்கேயும் பொருந்தும். ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக ஒருவர் நம்பித் தந்த பணம் அந்தக் காரியம் முடியும் வரை அமானிதம்.

இரண்டாவது, "பெயர் எமது கையில் இருந்தால்தான் வாடிக்கையாளர் வெப்சைட் கூலியை ஒழுங்காகத் தருவார்" என்பது. இதனை நான் ஏற்கவில்லை. கூலி பாக்கி என்றால் அது கடன்; கடனைக் கேட்டு வாங்க வழிகள் இருக்கின்றன. தையற்காரர் கூலிக்காகச் சட்டையை நிறுத்தி வைக்கலாம், வாடிக்கையாளரின் வீட்டு உறுதியை எடுத்து ஒளித்து வைக்க முடியாது. இணையப் பெயர் சட்டை போன்றதல்ல, உறுதி போன்றது.

செய்ய வேண்டியவை

பெயர்களைப் பராமரிப்பவர்களுக்கு என் ஆலோசனை இது. வாடிக்கையாளரின் புதுப்பித்தல் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கும் தனிக் கொப்பியும் வையுங்கள். எத்தனை வருடத்துக்குப் பணம் வாங்கினீர்களோ அத்தனை வருடத்தையும் அந்தக் கிழமைக்குள்ளேயே பதிந்துவிடுங்கள். பெயர்களை மூன்றாகப் பிரியுங்கள்: தொழில் நடக்கும் பெயர், காவலுக்கு வைத்திருக்கும் பெயர், விடக்கூடிய பெயர். முதலாம் வகையைக் காலாவதிக்கு இரண்டு மாதம் முன்பே கையால் புதுப்பியுங்கள். மூன்றாம் வகைக்குத் தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்துங்கள். மாதத்தின் முதல் நாள் வரும் தொண்ணூறு நாட்களின் பட்டியலை எடுத்து, மீதியுடன் ஒப்பிடுங்கள். உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் இந்தக் கணக்குகளைத் திறக்கத் தெரிந்த இன்னொருவர் இருக்கட்டும்.

கடைக்காரர்களும் நிர்வாக சபையினரும் மூன்றைக் கேட்டுப் பெற வேண்டும். ஒன்று, உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் கடையின் அல்லது சங்கத்தின் பெயர் இருக்க வேண்டும். இரண்டு, தொடர்பு மின்னஞ்சல் உங்களுடையதாக, அந்தப் பெயரைச் சாராத வேறொரு முகவரியாக இருக்க வேண்டும். மூன்று, பணம் கொடுத்த ஒரு கிழமைக்குள் காலாவதித் திகதி மாறியிருப்பதை நீங்களே பார்க்க வேண்டும். பற்றுச்சீட்டில் எழுதியதை விட ஏட்டில் ஏறியதுதான் பேசும்.

டொட் எல்கே பெயர்களுக்கு வழி சற்று இலகு. 1990 முதல் இயங்கும் எல்கே டொமைன் பதிவகம் எமது நாட்டிலேயே இருக்கிறது. அதன் விதிகள் தனி என்பதால் டொட் கொம்முக்கான அவகாச நாட்கள் அங்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2010 முதல் 'இலங்கை' என்று தமிழிலேயே முடியும் பெயர்களும் உண்டு. ஒரே நிறுவனத்துக்கு மூன்று நான்கு பெயர்கள் சேரச் சேர, திகதிகளும் கணக்குகளும் பெருகும். ஒரே கொப்பியில் எழுதி வைப்பதன் தேவையும் பெருகும்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். எமது பெயர் யாருடைய பெயரில் இருக்கிறது, எந்தத் திகதி வரை இருக்கிறது, கடைசியாகக் கொடுத்த பணம் ஏட்டில் ஏறிவிட்டதா என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பதில் சொல்ல ஒருவரும் இல்லை என்றால் கூட்டம் கலைவதற்குள் ஒருவரைப் பொறுப்பாக நியமித்து, திகதியைக் கூட்ட அறிக்கையில் எழுதிவிடுங்கள்.